செத்த பருந்துகளின் குரூப் போட்டோ

கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பார்களே, பார்த்திருப்பீர்கள். குள்ளமானவர்கள் முன்வரிசை, நெட்டையானவர்கள் பின்வரிசை, ஆடாமல் அசையாமல்... அதே மாதிரி ஒழுங்காக வரிசை கட்டி எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருக்கிறது. எடுத்த வருடம் 1932. இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலைக்காடு. வரிசையில் இருப்பவர்கள் ஆடவில்லை, அசையவில்லை. காரணம், அவர்கள் அத்தனை பேரும் பிணம். மனிதர்கள் இல்லை, பருந்துகள்!

காடு மேடெல்லாம் அலைந்து பருந்து, கழுகு, வல்லூறு என்று வேட்டைப் பறவைகளைப் படம் பிடித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இறகு இறகாகத் தெரிகிற மாதிரி, கண்ணில் சூரியன் மின்னுகிற மாதிரி பிரமாதமான படங்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால், அந்தப் பறவைகளுக்கு அதிக நன்மை செய்த படம் எது என்று கேட்டால், அழகே இல்லாத இந்தப் பிணவரிசைப் படத்தைத்தான் நான் காட்டுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் கிட்டாடினி என்றொரு நீளமான மலைத்தொடர். செப்டம்பரில் குளிர் எட்டிப் பார்த்ததும், வடக்கே இருக்கிற பருந்துகளும் கழுகுகளும் தெற்கு நோக்கிக் கிளம்பும். பல நூறு, பல ஆயிரம் மைல் பயணம். வழி நெடுக இறக்கையை அடித்துக்கொண்டே போனால் எந்தப் பறவைக்குக் கட்டுப்படியாகும்? அதனால் ஒரு சிக்கன வழி வைத்திருக்கின்றன. காற்று வந்து மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்புகிறது இல்லையா, அந்தக் காற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும். இறக்கையை விரித்தபடி, ஒரு பைசா செலவில்லாமல் மலை முதுகை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகலாம். நவம்பர் முடியும்வரை இந்த ஊர்வலம் நடக்கும்.

இதில் ஒரே ஒரு ஆபத்து. மலையுச்சியில் பாறைகள் குவிந்துகிடக்கும் ஓரிடத்தில் பறவைகள் ரொம்பத் தாழ்வாகப் பறந்து வரும். கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேராக. அந்தப் பாறைமேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு? குறி பார்க்கக்கூட வேண்டாம்.

உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கார் போட்டுக்கொண்டு வந்து சுட்டார்கள். சாப்பிடுவதற்காக இல்லை. பருந்துக்கறியை யார் சாப்பிடுகிறார்கள்? சுடுவதற்காகச் சுட்டார்கள். விழுந்தவை விழுந்த இடத்தில் கிடந்தன. குண்டடிபட்டுச் சாகாமல் கிடந்தவற்றைத் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை.

'அடப்பாவிகளா' என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம். அந்தக் காலத்தில் அது பாவமாகவே கருதப்படவில்லை. கோழிக்குஞ்சைத் தூக்குகிற திருட்டுப் பயல், வேட்டைக்காரனுக்குச் சேரவேண்டிய காட்டுப் பறவைகளைத் தின்று தீர்க்கிற போட்டிக்காரன்... பருந்துக்கு இருந்த பெயர் இதுதான். அரசாங்கமே அப்படித்தான் நினைத்தது. 1929-ல் பென்சில்வேனியா மாநிலம் ஒரு சன்மானம் அறிவித்தது. கோஸ்ஹாக் என்கிற பெரிய வல்லூறைக் கொன்று கொண்டுவந்தால், தலைக்கு 5 டாலர்!

அதே 1929-ல்தான் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். 5 டாலர் என்பது வீட்டில் உலை கொதிக்க வைக்கிற காசு. ஆனால், கோஸ்ஹாக் வடக்கத்திப் பறவை. அந்த மலை வழியாக வருவதே கொஞ்சம்தான். தலைக்குமேல் விர்ரென்று போகிற பறவை கோஸ்ஹாக்கா, வேறு பருந்தா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா சுடுவார்கள்? எது பறந்தாலும் டுமீல். ஒரு பறவைக்கு வைத்த விலை, பத்து விதமான பறவைகளுக்கு எமனாக முடிந்தது.

இதைக் கேள்விப்பட்டு 1932 இலையுதிர்காலத்தில் அந்த மலைக்கு வந்தார் ஒரு வாலிபர். பெயர் ரிச்சர்ட் போ. வயது 28. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த பறவைப் பிரியர். வந்தவர் கண்ணில் பட்டது, காடு முழுக்கச் சிதறிக்கிடந்த சடலங்கள்.

அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம்? அழுதிருப்போம். துப்பாக்கிக்காரர்களோடு சண்டைக்குப் போயிருப்போம். ரிச்சர்ட் வேறு காரியம் செய்தார். புதருக்குள் இறங்கிச் சடலங்களைப் பொறுக்கினார். தரையில் வரிசையாக அடுக்கினார். கேமராவை எடுத்தார். க்ளிக்!

பி.காம். வகுப்பில் சேர்ந்த முதல் வருடமே மண்டையில் ஏற்றுகிற பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாமல் கணக்கில் எதையும் ஏற்றாதே. 'ஐயோ, ஏகப்பட்ட பருந்துகளைக் கொல்கிறார்கள்' என்று ஆயிரம் பேரிடம் புலம்பலாம். 'அப்படியா, த்சொ த்சொ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வரிசையாக அடுக்கியதால் யார் வேண்டுமானாலும் விரல் விட்டு எண்ணலாம். பருந்துகளின் சாவுக்கு ரிச்சர்ட் தயார்செய்த வவுச்சர்தான் அந்தக் குரூப் போட்டோ.

அடுத்த வருடம், 1933. நியூயார்க்கில் பறவை ஆர்வலர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ரிச்சர்டின் படங்கள் காட்டப்பட்டன. எல்லாரும் வருத்தப்பட்டார்கள். பெரிய சங்கம் ஒன்று அந்த மலையையே வாங்கிவிடப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. வழக்கம்போல, பேச்சு பேச்சாகவே இருந்தது. ஆனால், அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் ஒரு பெண்மணிக்கு மட்டும் அது மனதை விட்டுப் போகவில்லை.

ரோஸலி எட்ஜ். 1877-ல் பிறந்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய தலைமுறை. நடுவயதுக்குமேல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்கப் பழகி, அதுவே பித்தாகி, 1929-ல் இயற்கைப் பாதுகாப்புக்கென்று சொந்தமாக ஒரு குழுவே ஆரம்பித்தவர். பெரிய சங்கங்களின் பெரிய மனிதர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 'பறவையைக் காப்பாற்றுகிறோம் என்று சந்தா வாங்குகிறீர்களே, எங்கே காப்பாற்றினீர்கள்?' என்று கூட்டத்தில் எழுந்து கேட்கிற ரகம்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். மலையை யாரும் வாங்குகிற வழியாகத் தெரியவில்லை. 1934-ல் தானே இறங்கினார். கையில் பணம் கிடையாது. 500 டாலர் கடன் வாங்கி, மலையில் கிட்டத்தட்ட 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஷரத்தும் போட்டுக்கொண்டார். சட்டத்தை மாற்றச்சொல்லி மனு போடவில்லை பாருங்கள். நிலம் என்னுடையது, என் நிலத்தில் யாரும் சுடக்கூடாது. தீர்ந்தது விஷயம்!

தீருமா? துப்பாக்கியோடு வருகிறவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது? அதற்குக் கிடைத்தவர் மாரிஸ் ப்ரவுன் என்ற 28 வயது இளைஞர். முதல் பருவத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி வந்தார். கூடவே மனைவி இர்மா. மரத்துக்கு மரம் 'உள்ளே வராதே' அட்டை அடித்தார் ப்ரவுன். மலையின் நுழைவாயிலில் நின்றுகொண்டு, கோபத்தோடு வந்த வேட்டைக்காரர்களுக்குப் பதில் சொன்னார் இர்மா. வசவுகளும் மிரட்டல்களும் வந்தன. ஆனாலும், அந்த வருடமே மலையில் துப்பாக்கிச் சத்தம் நின்றுபோனது. 1935-ல் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்டார் எட்ஜ். வாருங்கள், பாருங்கள், சுடுவதென்றால் கேமராவால் சுடுங்கள். வேட்டைப் பறவைகளுக்கென்றே உருவான உலகத்தின் முதல் சரணாலயம் அது. பெயர், ஹாக் மவுன்டன். அதாவது, பருந்து மலை. 1938-ல் மலையை ஓர் அறக்கட்டளைச் சங்கத்திடம் ஒப்படைத்தார் எட்ஜ்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. இதற்குப் பிறகு நடந்ததால்தான் இது வரலாறு.

துப்பாக்கி நின்ற பிறகு ப்ரவுனுக்கு என்ன வேலை? தினமும் பாறைமேல் உட்கார்ந்து எண்ணினார். இன்றைக்கு இந்த வகைப் பருந்து இத்தனை, அந்த வகை இத்தனை. 1934-ல் தொடங்கிய எண்ணிக்கை, இரண்டாம் உலகப்போரின்போது மட்டும் தடைப்பட்டு, மற்றபடி வருடா வருடம் தொடர்ந்தது. 'வேலையத்த வேலை' என்றுதான் தோன்றும். பறவையை எண்ணி என்ன ஆகப்போகிறது?

அமெரிக்காவின் தேசிய அடையாளம் வெண்தலைக் கழுகு. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. பிறந்த உடனே தலை வெள்ளையாக இருக்காது. நாலைந்து வயதாகும்வரை உடம்பெல்லாம் பழுப்பு. ஆகவே, பறக்கும்போதே குஞ்சுப் பருவமா, வளர்ந்த கழுகா என்று சொல்லிவிடலாம். ப்ரவுன் அதையும் தனித்தனியாகக் குறித்துவைத்திருந்தார். 1935 முதல் 1939 வரை மலையைக் கடந்த இந்தக் கழுகுகளில் 40 சதவிகிதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை? வெறும் 20 சதவிகிதம். 1957-ல் மட்டும், 32 வளர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளசு!

வயதானவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் குழந்தையே இல்லை என்றால் என்ன அர்த்தம்? பழைய முதலை வைத்துக் கடை ஓடுகிறது, புது வரவு நின்றுவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கை ரேச்சல் கார்சன் என்ற விஞ்ஞானி கையில் எடுத்தார். 1962-ல் வெளிவந்து உலகத்தையே உலுக்கிய 'மௌன வசந்தம்' புத்தகத்தில், பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றாக ப்ரவுனின் எண்களையும் வைத்தார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் முட்டை ஓட்டையே மெலிய வைத்துவிடுகிறது, அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்குகிறது என்பதெல்லாம் பின்னால் உறுதியானது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பயிர்களுக்கு அடிப்பதைத் தடைசெய்தது. அதே வருடம் பருந்து, கழுகு, ஆந்தைகளெல்லாம் அந்நாட்டின் வலசைப் பறவைகள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-ல்தான்.

1963-ல் அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தபோது, கூடு கட்டிய வெண்தலைக் கழுகு ஜோடிகள் வெறும் 417. 2007-ல் அது 10,000 ஜோடியை நெருங்கி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பருந்து மலையில் இன்றும் எண்ணுகிறார்கள். இலையுதிர்காலத்தில் சராசரியாக 18,000 வேட்டைப் பறவைகள் கடந்துபோகின்றன. துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்த அதே பாறையில், டெலிலென்ஸோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

'அமெரிக்காக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன' என்கிறீர்களா? சரியாக 80 வருடம் கழித்து, நம் இந்தியாவில் அதே கதை மறுபடி நடந்தது.

நாகாலாந்தில் வோக்கா மாவட்டம். அங்கே தோயாங் ஆற்றில் ஓர் அணை. அக்டோபர் வந்தால் அந்த நீர்த்தேக்கத்தின் ஓரத்துக்கு அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். உள்ளங்கையில் அடங்குகிற பறவைதான். சைபீரியா, வடசீனப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, நாகாலாந்தில் இளைப்பாறி, ஈசலைப் பிடித்து வயிறு முட்டத் தின்றுவிட்டு, இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலையும் தாண்டி, தென் ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். போக வர ஏறக்குறைய 22,000 கிலோமீட்டர்!

2012 அக்டோபர். பத்திரிகையாளர் பானோ ஹராலு, வனவிலங்குப் புகைப்படக்காரர் ராம்கி சீனிவாசன் உள்ளிட்ட ஒரு சிறு குழு அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் பார்த்தது, பறவைகள் வந்தடையும் வழியெங்கும் குறுக்கே கட்டப்பட்ட மீன்வலைகள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வல்லூறுகள் சிக்குவதாகக் கணக்கிட்டார்கள். பருவம் முழுக்கச் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கொத்துக் கொத்தாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். குழு சண்டை போடவில்லை. வீடியோ எடுத்தது, போட்டோ எடுத்தது, கணக்கெடுத்தது. அந்த மாதமே உலகத்துக்குக் காட்டியது. மறுபடியும் வவுச்சர்!

பாங்ட்டி முதலான அந்தக் கிராமத்துக்காரர்களை வில்லன்களாக்கிவிடுவது சுலபம். ஆனால், அணை வந்தபோது அவர்களுடைய விளைநிலம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. மீன்பிடிக்கப் பழகினார்கள். வலை கையில் இருந்தது, வானத்திலிருந்து காசு இறங்கியது. பென்சில்வேனியாவின் 5 டாலருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படம் வெளியானதும் அரசாங்கம் நடவடிக்கையில் இறங்கியது உண்மை. ஆனால், நிலைத்து நின்றது கிராமசபைகளும் தேவாலயங்களும் சேர்ந்து எடுத்த முடிவுதான். இனி ஒரு பறவையைக்கூடப் பிடிக்கமாட்டோம் என்றார்கள். 2013-ல் ஒரு வல்லூறுகூட வலையில் சாகவில்லை. அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்கு சாட்டிலைட் கருவி மாட்டிப் பறக்கவிட்டார்கள். வைத்த பெயர்கள்: நாகா, வோக்கா, பாங்ட்டி. நேற்றுவரை வலை கட்டிய ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை கடல் தாண்டியது.

அதற்காகக் கேமரா வைத்திருப்பவரெல்லாம் பறவைக்கு நண்பர் என்று சொல்லிவிட முடியாது. எரிக் ஹோஸ்கிங் கதை தெரியுமா? பிரிட்டனின் மிகப் பிரபலமான பறவைப் புகைப்படக்காரர். அந்தக் காலத்துக் கேமராவுக்குத் தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டும் சக்தி போதாது. பக்கத்தில் போயாக வேண்டும். பக்கத்தில் என்றால் எங்கே? பறவை கட்டாயம் திரும்பி வருகிற ஒரே இடம், கூடு. ஆகவே கூட்டுக்கு எதிரே ஒரு மறைவுக் கூடாரம் கட்டி, உள்ளே மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். அதே பிரிட்டனில் கீர்ட்டன் சகோதரர்கள் என்று இரண்டு பேர், உள்ளே ஆள் நுழைகிற மாதிரி ஒரு பொய்க்காளை மாடே செய்து அதற்குள் நின்று படமெடுத்தார்கள் என்றால் பாருங்களேன்!

1937 மே மாதம். வேல்ஸில் ஓர் ஆந்தைக் கூட்டுக்கெதிரே கட்டிய தன் கூடாரத்துக்கு இருட்டில் போனார் ஹோஸ்கிங். ஆந்தை பறந்தால் சத்தமே கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எந்தச் சத்தமும் இல்லாமல் முகத்தில் ஓர் அடி. நகம் இடது கண்ணில் இறங்கிவிட்டது. மற்ற கண்ணைக் காப்பாற்றுவதற்காக, அந்தக் கண்ணையே எடுக்கவேண்டியதாயிற்று. வயது 27. மனிதர் தொழிலை விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு அரை நூற்றாண்டு படமெடுத்தார். 1970-ல் எழுதிய சுயசரிதைக்குத் தலைப்பே 'ஒரு பறவைக்காக ஒரு கண்' என்று பொருள் தொனிக்கிற மாதிரிதான் வைத்தார்.

எல்லாரும் ஹோஸ்கிங்கின் தைரியத்தைப் பாராட்டுவோம். ஆந்தைப் பக்கமும் ஒரு நியாயம் உண்டு இல்லையா? இருட்டில் நம் வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் உருவம் வந்து நின்றால், நாம் மட்டும் சும்மா இருப்போமா? அன்றைக்குக் கூட்டை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு அந்தச் சாக்கு கிடையாது. முழ நீள லென்ஸ், நொடிக்கு இருபது படம், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற கேமரா எல்லாம் வந்துவிட்டன. அப்படியும் கூட்டுக்குக் கிளையை ஒடித்து வெளிச்சம் உண்டாக்குகிறவர்களும், பருந்து பாய்கிற காட்சிக்காகக் கயிற்றில் எலி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கிக்காரர் ஒரு பறவையைக் கொன்றார். கூட்டைக் கலைக்கிறவர் ஒரு பருவத்தையே கொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை நடைக்குக் கேமராவோடு கிளம்புகிறவரா நீங்கள்? பருந்தைத் தேடி இமயமலைக்குப் போகவேண்டாம். தலைக்குமேல் வட்டமடிக்கும். வால் நுனி கவட்டை மாதிரி பிளந்திருந்தால் கள்ளப்பருந்து. வால் வட்டமாக, உடல் செங்கல் நிறமாக, தலையும் மார்பும் வெள்ளையாக இருந்தால் செம்பருந்து. கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கருடன். அதன் இளசு மட்டும் வெள்ளைத் தலை இல்லாமல் முழுக்கப் பழுப்பாக இருக்கும். வால் வட்டமா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

பறவை இரை தின்பதை விட்டுவிட்டு உங்களையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தால், நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்வாங்குங்கள். கூடு கண்ணில் பட்டால், பார்த்த சுவடு தெரியாமல் நகர்ந்துவிடுங்கள். அது இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள்.

மற்ற படங்களுக்கு, எடுத்த தேதி, நேரம், இடம், இளசா பெரியதா என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்காதீர்கள். பருந்து மலையில் ப்ரவுன் பென்சிலால் குறித்த எண்கள் கால் நூற்றாண்டு கழித்துத்தான் பேசின. உங்கள் ஏரிக்கு மேலே செம்பருந்து இளசுகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றனவா என்று 20 வருடம் கழித்து யாராவது கேட்பார்கள். பதில் சொல்ல, ஒருவேளை உங்கள் கையில் இருப்பது மட்டும்தான் வவுச்சராக இருக்கும்.